மே 14: கடையில் இரண்டு கணினியும் விழுந்த நாள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற பழைய சாலையோரம் எனக்கு ஒரு போட்டோஸ்டேட் கடை இருக்கிறது. பேர்தான் போட்டோஸ்டேட். நகல் எடுப்பதைவிடப் பாரம், அதாவது படிவம், நிரப்புவதுதான் அதிக வேலை. சுற்றிலும் எல்ஃபில், கமுனிங் என்று தோட்டங்கள். பால்மரம் என்கிற ரப்பர் நின்ற இடங்களில் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த பல குடும்பங்கள் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டன. அரசாங்கப் பாரங்கள் இணையத்துக்குப் போனதிலிருந்து, கைப்பேசியில் தடுமாறுகிறவர்களும் மலாய் சரளமாக வாசிக்க வராத பெரியவர்களும் மைகார்டு என்கிற அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதைக் கொஞ்சம் பாரும்மா" என்று வந்து நிற்பார்கள். அவர்களுடைய சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு எண்ணும் என் கணினி வழியாகத்தான் போகின்றன. அதனால் ஆண்டிவைரஸ் விஷயத்தில் நான் செலவு பார்த்ததே இல்லை. காசு கட்டி வாங்கிய மூன்று வருட உரிமம். இரண்டு கணினியிலும் அதே ஒன்றுதான்.

2024 மே 14, செவ்வாய்க்கிழமை. மறுநாள் 15. எங்கள் மாதிரிக் கடைகளில் அந்தத் தேதி வந்தாலே கூட்டம் நெரியும். முதலாளிகள் மாதா மாதம் 15ஆம் தேதிக்குள் தங்கள் ஆட்களுக்கு இபிஎஃப் என்கிற சேமநிதியும், சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதியும் கட்டியாக வேண்டும். மே மாதத்தில் வருமான வரியும் சேர்ந்துகொள்ளும். சம்பளக்காரர்களுக்குக் கெடு ஏப்ரல் 30 என்றாலும், இ-ஃபைலிங்கில், அதாவது இணையம் வழி, அனுப்புகிறவர்களுக்கு மே 15 வரை தவணை தருகிறார்கள். ஆக, வருடத்திலேயே கணினி படுக்கக் கூடாத நாள் என்றால் எனக்கு அதுதான்.

காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்து மேசைக் கணினியைப் போட்டேன். வலது மூலையில் ஆண்டிவைரஸ் ஒரு பெட்டியைக் காட்டியது. புதிய பதிப்பு வந்துவிட்டது, கணினியை அணைத்துப் போடவும் என்று. முதல் நாளும் அதே பெட்டி வந்தது, தள்ளிப் போட்டிருந்தேன். ஆள் வருவதற்குள் முடித்துவிடலாமே என்று சரி கொடுத்தேன்.

மறுபடி எழுந்த கணினியைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஆண்டிவைரஸ் சின்னம் பச்சையாக வந்தது, இரண்டு வினாடி நின்றது, காணாமல் போனது. "பாதுகாப்பு இயங்கவில்லை" என்று ஒரு சிவப்புப் பெட்டி. அதிலேயே இருந்த பொத்தானை அழுத்தினால் மறுபடி பச்சை, மறுபடி காணோம். பத்துத் தடவைக்கு மேல் அழுத்தியிருப்பேன். இணையப் பக்கங்களும் பாதி வந்து நின்றுவிட்டன. அப்போது காரணம் புரியவில்லை. இந்த மென்பொருள்கள் நாம் திறக்கிற ஒவ்வொரு பக்கத்தையும் தங்கள் வழியாக வாங்கிச் சோதித்துத்தான் உள்ளே விடுகின்றன. சோதிக்கிறவன் மயங்கி விழுந்தால் பக்கமும் வாசலிலேயே நின்றுவிடும்.

அந்த நேரம் பார்த்துச் செம்பனைக் குலை வெட்டுக் காண்ட்ராக்டர் அண்ணன் வந்தார். அவரிடம் பதினொரு ஆட்கள், எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். பிளாஸ்டிக் கோப்பில் ஒவ்வொருவர் பெயரும் நாளும் சம்பளமும் பென்சிலால் எழுதி வைத்திருப்பார். இபிஎஃப் தாமதமானால் தண்டமும் அந்தக் காலத்துக்கான இலாப ஈவும் முதலாளி தலையில் விழும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பரவால்ல தங்கச்சி, இருக்கேன்" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்ததில்தான் எனக்குப் பதற்றம் கூடியது.

அடுத்த அரை மணி நேரத்தில் நான் செய்தவை எல்லாமே தப்பு. ஒவ்வொன்றும் அப்போது நியாயமாகத்தான் தெரிந்தது. முதலில் ஆண்டிவைரஸையே நீக்கப் பார்த்தேன். நீக்கம் பாதியில் நின்றது. அப்புறம் அக்கா மகனுக்குப் போன் போட்டேன். "சின்னம்மா, வேற ஒண்ணு இலவசமா இருக்கு, அதைப் போடுங்க" என்றான். போட்டேன். மறுபடி தொடங்கச் சொன்னது, தொடங்கினேன். புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. பிறகு திரை முழுக்க நீலம், ஒரு சோக முகம், கீழே சதவீதம். தானாக அணைந்து எழுந்து மறுபடி அதே நீலம்.

கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். வேர்டு மாதிரி ஒரு மென்பொருள் விழுந்தால் அது மட்டும்தான் விழும். ஆண்டிவைரஸ் விழுந்தால் ஏன் கணினியே விழுகிறது? தோட்டத்து ஜாகாவை, அதாவது காவல்காரரை, நினைத்துப் பாருங்கள். ஆபீஸ், ஸ்டோர், ஆலை என்று எல்லாச் சாவியும் அவரிடம்தான் இருக்கும். ஆண்டிவைரஸும் விண்டோஸின் அடிமட்டத்தில், கெர்னல் என்கிற இடத்தில், தன் வேலையை அங்கிருந்தே செய்கிற டிரைவர் என்னும் கோப்புகளைக் கொண்டுபோய் வைக்கிறது. கணினி எழும்போதே அவையும் எழுகின்றன. ஒவ்வொரு கோப்பு திறக்கும்போதும் குறுக்கே நின்று பார்க்கின்றன. அந்த மட்டத்தில் ஒரு தவறு நடந்தால், மேற்கொண்டு ஓடித் தரவைக் கெடுக்காமல் விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. நான் பார்த்த நீலத் திரை அதுதான். நான் செய்ததோ, பாதி நீக்கிய பழைய ஜாகா கேட்டிலேயே நிற்க, புது ஜாகா ஒருவரையும் அதே கேட்டில் கொண்டுவந்து நிறுத்தியது. ஒருவர் திறக்கிற கோப்பை இன்னொருவர் பிடிக்கிறார், அவர் பிடித்ததை இவர் சந்தேகப்படுகிறார்.

சரி, மடிக்கணினி இருக்கிறதே என்று அதைத் திறந்தேன். அதிலும் அதே ஆண்டிவைரஸ், அதே தானியங்கிப் புதுப்பிப்பு. நான் அண்ணனின் பட்டியலில் நாலாவது பெயரைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அதுவும் உறைந்து நீலமானது. இரண்டு கணினி வைத்திருந்தால் ஒன்று போனாலும் ஒன்று இருக்கும் என்று அத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.

பதினொரு மணிக்கு எதிர் வரிசையில் இருக்கும் சீன அங்கிளின் கடைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, அண்ணனை அங்கே அனுப்பினேன். அவர் கோப்பை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து போனதைப் பார்த்தபோது மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. ஆனால் அன்றைக்கு நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான். தொங்கிக்கொண்டிருந்த கெடு அவருடையது, என்னுடையது இல்லை.

ஆள் போனதும் தலை கொஞ்சம் தெளிந்தது. கைப்பேசியில் அந்த ஆண்டிவைரஸ் பெயரையும் 'உதவி' என்ற சொல்லையும் போட்டுத் தேடினேன். முதலில் வந்தது ஒரு போன் நம்பர். தட்டியும்விட்டேன், அழைக்கவில்லை. அதற்குச் சில வாரம் முன்புதான் இப்படி ஒரு நம்பரை அழைத்து, அவன் சொன்ன செயலியைப் போட்டு, சேமிப்பை இழந்த ஒரு டீச்சருக்கு போலீஸ் புகார் தட்டிக் கொடுத்திருந்தேன். கணினி விழுந்து பதறி நிற்கிற ஆளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். உதவி வேண்டுமென்றால் நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கு நேராகப் போங்கள், தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 997-ஐ அழையுங்கள், அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

பிறகு ஈப்போவில் கணினி பழுது பார்க்கிற தம்பி ஒருவரைப் பிடித்தேன். அவர் முதலில் கேட்டது ஒன்றுதான். "அக்கா, நீலத் திரையை போட்டோ எடுத்து அனுப்புங்க." அனுப்பினேன். "கடைசி வரியைப் பாருங்க, எது விழுந்துச்சுன்னு அதிலேயே போட்டிருக்கு" என்றார். அதுவரை அந்தத் திரையை எட்டுத் தடவையாவது பார்த்திருப்பேன், அந்த வரியைப் படித்ததே இல்லை. 'சிஸ்' (.sys) என்று முடியும் ஒரு கோப்பின் பெயர் இருந்தது. ஆண்டிவைரஸின் டிரைவர். எல்லா நீலத் திரையும் அப்படிப் பெயர் சொல்லாது. சொல்லும்போது படமெடுத்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மீட்ட விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இன்னொருவருக்கு உதவும். அடுத்தடுத்து இரண்டு மூன்று தடவை விண்டோஸ் எழ முடியாமல் போனால் அதுவே பழுதுபார்க்கும் திரைக்குப் போய்விடும். அங்கே டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், பிறகு ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ். ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும், அதில் 4 அழுத்தினால் சேஃப் மோடு. அதில் விண்டோஸ் தனக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் எழுப்பும், மற்றவர்களின் டிரைவர்கள் பெரும்பாலும் தூங்கும். என் மேசைக் கணினி அப்படித்தான் அன்று முதல் தடவையாக நீலமில்லாமல் எழுந்தது.

அங்கே போய் வழக்கம்போல கன்ட்ரோல் பேனலில் நீக்கப் பார்த்தேன், முடியவில்லை. பல மென்பொருள்களை நீக்குவதற்கு விண்டோஸ் இன்ஸ்டாலர் என்ற சேவை வேண்டும், அது சேஃப் மோடில் சாதாரணமாக ஓடாது. இதற்காகவே ஆண்டிவைரஸ் நிறுவனங்கள் தங்கள் தளத்தில் தனி நீக்கக் கருவி வைத்திருக்கின்றன. அதைக் கைப்பேசியில் இறக்கி, கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றினேன். பழையதற்கு ஒன்று, நான் அவசரத்தில் போட்ட இலவசத்துக்கு ஒன்று. இரண்டையும் தனித்தனியாக ஓட்டி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் அணைத்துப் போட்டேன். மதியம் மூன்று மணிக்குச் சாதாரணமாகவே எழுந்தது. வேறு ஆண்டிவைரஸ் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் விண்டோஸ் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொண்டது. விண்டோஸ் 8-இலிருந்தே அது கூடவே வருகிறது. இன்னொன்றை நாம் போடும்போது ஒதுங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

மடிக்கணினி வேறு கதை. சேஃப் மோடுக்குப் போகும் வழியில் அது நின்று ஒன்றைக் கேட்டது: வட்டைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரின் மீட்புச் சாவி, 48 இலக்கம். எனக்கு அப்படி ஒரு சாவி இருப்பதே தெரியாது. மகன் வாங்கிக் கொடுத்த கணினி. அவன் மின்னஞ்சலில் மைக்ரோசாஃப்ட் கணக்குத் திறந்துதான் முதலில் தொடங்கினான். அப்போதே வட்டு தானாகப் பூட்டப்பட்டு, சாவி அவன் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. அவன் சிங்கப்பூரில் ஷிப்ட் வேலை, வேலை நேரத்தில் கைப்பேசி லாக்கரில் இருக்கும். ஏழு மணி வரை காத்திருந்தேன்.

ஏழேகாலுக்கு அழைத்தான். கணக்கைத் திறந்தால் அங்கே இரண்டு சாவிகள். ஒன்று அவன் கணினிக்கு, ஒன்று என்னுடையதற்கு. எது எதற்கு என்று தெரியவில்லை. என் திரையில் சாவிக்கு ஓர் அடையாள எண் இருந்தது. அதை நான் வாசிக்க, அவன் அங்கே பொருத்திப் பார்த்து, "ரெண்டாவதும்மா" என்றான். பிறகு வாசிக்க ஆரம்பித்தான். எட்டுக் கட்டம், கட்டத்துக்கு ஆறு இலக்கம். ஒவ்வொரு கட்டத்தையும் அவன் சொல்ல, நான் திருப்பிச் சொல்லி, மாதக் காலண்டரின் கிழித்த தாள் ஒன்றின் பின்பக்கம் எழுதினேன். ஐந்தாவது கட்டத்தில் வெளியே லோரி ஒன்று போக, ஒரு ஏழு காதில் விழவில்லை. அவன் பொறுமையாக முதலிலிருந்து அந்தக் கட்டத்தைச் சொன்னான். சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லி அவனை நான் உட்கார வைத்தது நினைவுக்கு வந்தது. கடைசி இலக்கத்தைப் போட்டு என்டர் தட்டியதும் திரை திறந்தது. இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டேன்.

அந்தக் காலண்டர் தாள் இப்போது பிளாஸ்டிக் உறையில், சாமி மேசை இழுப்பறையில் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் வேறெதுவும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, கணினியோடு இல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வெளியூரில் வேலை பார்த்துப் பெற்றோருக்குக் கணினி வாங்கிக் கொடுக்கிறார்கள். சாவி அவர்களோடு போய்விடுகிறது.

மறுநாள் காலை, பாதுகாப்பு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதித்தேன். பச்சைச் சின்னத்தை மட்டும் நம்பும் மனநிலையில் நான் இல்லை. இதற்கென்றே ஐகார் சோதனைக் கோப்பு என்று ஒன்று இருக்கிறது. வெறும் 68 எழுத்து, எந்தத் தீங்கும் செய்யாது, ஆனால் ஆண்டிவைரஸ்கள் அதை வைரஸ் போலவே பிடிக்கும். இறக்கிய மறுகணமே டிஃபெண்டர் பிடித்துக்கொண்டது. அதன் பிறகுதான் அன்றைய முதல் ஆளின் மைகார்டை வாங்கினேன்.

ரிலையபிலிட்டி மானிட்டர் என்று விண்டோஸுக்குள்ளேயே ஒன்று இருப்பதையும் தம்பி காட்டினார். தேடல் பெட்டியில் அந்தப் பெயரின் முதல் பாதியைத் தட்டினாலே வரும். நாள் வாரியாக எது நிறுவப்பட்டது, எது விழுந்தது என்று போட்டிருக்கும். மே 14-க்குக் கீழே சிவப்புக் குறிகள் வரிசையாக இருந்தன, முதல் குறிக்குச் சற்று முன்னால் ஆண்டிவைரஸ் புதுப்பிப்பு. அதைப் படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினேன். வாங்கியதற்கு நன்றி, கணினியை மறுபடி தொடங்கிப் பாருங்கள் என்று பதில் வந்தது. காசு கட்டிய ஆள், சான்றோடு கேட்கிறேன். எனக்கு இன்றும் அதில் கோபம் உண்டு. தானாகப் புதுப்பித்துக் காசு எடுக்கும் ஏற்பாட்டை அன்றே நிறுத்தினேன்.

இரண்டு மாதம் கழித்து, ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மதியம் நம் நேரம் 12.09-க்கு கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சின்னக் கோப்பு, உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலமாக்கியது. அந்தக் கணக்கு மைக்ரோசாஃப்ட் சொன்னது. கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே விழுந்த கணினிகளில் பலவற்றை ஆள் போய் ஒவ்வொன்றாகச் சேஃப் மோடில் எழுப்பிக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் பூட்டிய இடங்களில் அங்கேயும் அதே 48 இலக்கம். இந்தியாவில் விமானப் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்த படங்களைப் பார்த்தபோது, எதிர்க் கடைக்குப் போன என் காண்ட்ராக்டர் அண்ணன்தான் நினைவுக்கு வந்தார். இது புதிதும் இல்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்கஃபீயின் ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று நினைத்துத் தூக்கி, கணினிகளைத் திரும்பத் திரும்ப அணைய வைத்தது.

அந்த ஜூலை என் எண்ணம் ஒன்றையும் திருத்தியது. மே மாதத்துக்குப் பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். பதிப்பு மாறுகிற பெரிய புதுப்பிப்புகள்தான் ஆபத்து, புது வைரஸ்களை அடையாளம் காணத் தினமும் வருகிற சின்னக் குறிப்புகள் ஒன்றும் செய்யாது என்று. கிரவுட்ஸ்டிரைக் அனுப்பியதும் மெக்கஃபீ அனுப்பியதும் அந்தத் தினக் குறிப்பு வகைதான். அதற்காகத் தினக் குறிப்புகளை நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் அடுத்த வைரஸுக்குக் கதவு திறந்ததாகிவிடும். ஆக, விழாமல் பார்ப்பது பாதி வேலை, விழுந்தால் எழுகிற வழி வைத்திருப்பது மீதி.

இப்போது கடையில் இரண்டு கணினியையும் ஒரே மாதிரி வைப்பதில்லை. தினக் குறிப்புகள் இரண்டிலும் தானாக வருகின்றன. விண்டோஸின் பெரிய புதுப்பிப்பை மட்டும் மேசைக் கணினி முதலில் வாங்கும். மடிக்கணினியில் ஒரு வாரம் நிறுத்தி வைத்து, மற்றது நன்றாக ஓடுகிறதென்று பார்த்த பிறகுதான் விடுவேன். 10 முதல் 15ஆம் தேதி வரை எந்தப் பெட்டி வந்தாலும் சரி கொடுப்பதில்லை. கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் என் கணினியில் அணைந்தே கிடந்தது, அதைப் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு கணினிக்கு ஒரு ஆண்டிவைரஸ்தான்.

பெண்டிரைவ் விஷயத்திலும் கண்டிப்பாகிவிட்டேன். வாடிக்கையாளர் கொண்டுவரும் பெண்டிரைவ்களில் கோப்புறைகளை மறைத்துவிட்டு ஷார்ட்கட் மட்டும் காட்டுகிற வைரஸ் இன்னமும் வருகிறது. அவற்றுக்கென்று அச்சு எடுக்க மட்டும் ஒரு பழைய கணினியை ஒதுக்கியிருக்கிறேன். அதில் வங்கியோ இபிஎஃப்போ வரியோ திறப்பதே இல்லை. பிள்ளைகள் பள்ளி வேலையை அச்செடுக்க வந்தால், "அக்கா, இதுல போடவா?" என்று அந்த மூலைக்கே போகப் பழகிவிட்டார்கள்.

காண்ட்ராக்டர் அண்ணன் அடுத்த மாதம் என் கடைக்கே திரும்பி வந்தார். தேதி 8. கோப்பை மேசையில் வைத்து, "இந்தத் தடவை நேரத்தோட வந்துட்டேன் தங்கச்சி" என்றார். பட்டியலில் புதிதாக ஒரு பெயர் சேர்ந்திருந்தது, பன்னிரண்டாவது ஆள், அவருடைய தங்கை மகன்.